அண்டார்க்டிகாவில் பனி கூடுகிறதா, குறைகிறதா? 700 கி.மீ. உயரத்திலிருந்து எப்படி அளக்கிறார்கள்?

மேற்குமலை எழுதியது:

எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் மச்சான் ஒரு செய்தி போட்டார். "அண்டார்க்டிகாவில் பனி உருகவில்லை, கூடிக்கொண்டே போகிறது, நாசாவே ஒப்புக்கொண்டது" என்று. கூடவே ஒரு வெள்ளைக்கரடி படம். தென் துருவத்தில் ஏது வெள்ளைக்கரடி என்று கேட்கப் போய் அது தனிச் சண்டையாகிவிட்டது.

தேடிப் பார்த்தால் நேர் எதிரான எண்கள் கிடைக்கின்றன. பல நாட்டு ஆய்வுக்குழுக்களின் முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும் இம்பி என்ற திட்டம், 1992 முதல் 2020 வரை கிரீன்லாந்தும் அண்டார்க்டிகாவும் சேர்ந்து 7,560 கிகா டன் பனியை இழந்ததாகச் சொல்கிறது. ஒரு கிகா டன் என்பது நூறு கோடி டன்.

இரண்டில் எதை நம்புவது? அதற்கும் முன்னால், செயற்கைக்கோள் ஒன்று அவ்வளவு உயரத்திலிருந்து பனியின் தடிமனை எப்படி அளக்கிறது? இது புரிந்தால்தான் மச்சானிடம் பேசவே முடியும்.

---

எதிர்க்கேள்வி எழுதியது:

உங்கள் மச்சானை அவசரப்பட்டுத் திட்டிவிடாதீர்கள். அந்தச் செய்திக்கு ஒரு மூலம் இருக்கிறது. 2015-ல் நாசா கோடார்டு மையத்தின் ஜே ஸ்வாலி குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. 1992–2001 காலத்தில் அண்டார்க்டிகா ஆண்டுக்கு 112 கிகா டன் கூடியது, 2003–2008 காலத்தில் 82 கிகா டன் கூடியது என்பது அவர்கள் முடிவு. ஸ்வாலி ஏதோ யூடியூப் ஆசாமி இல்லை. பனியின் உயரத்தை லேசரால் அளந்த ஐஸ்சாட் செயற்கைக்கோள் திட்டத்தின் விஞ்ஞானியே அவர்தான்.

ஒரே செயற்கைக்கோள் தரவை வைத்து ஒருவர் கூடுகிறது என்கிறார், இன்னொருவர் குறைகிறது என்கிறார் என்றால், அளவிலேயே கோளாறு என்று சந்தேகப்படுவது தப்பா?

---

அலைவரிசை எழுதியது:

நான் தொலையுணர்வுத் தரவோடு மல்லுக்கட்டிப் பிழைப்பவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பனியின் தடிமனை எந்தச் செயற்கைக்கோளும் நேராக அளப்பதில்லை. அண்டார்க்டிகா நிலத்தின் மேல் கிடக்கும் பனிவிரிப்பு சராசரியாக 2 கி.மீ. தடிமன், சில பள்ளங்களில் 4.7 கி.மீ.க்கும் மேல். இந்தத் தடிமனைக் கண்டுபிடித்தது விமானங்கள். தாழ்ந்த அதிர்வெண் ராடாரைத் தூக்கிக்கொண்டு பறந்தால் அலை பனியை ஊடுருவி அடிப்பாறையில் பட்டுத் திரும்பும். அப்படிப் பல பத்தாண்டுகளாகச் சேர்த்த கோடுகளிலிருந்துதான் பனிக்கு அடியிலிருக்கும் பாறையைக் காட்டும் பெட்மேப் போன்ற வரைபடங்கள் வந்தன.

செயற்கைக்கோள் பார்ப்பது மேற்பரப்பின் உயரத்தை மட்டும். போன வருடம் இந்த இடம் இத்தனை மீட்டர், இந்த வருடம் இத்தனை மீட்டர். அடிப்பாறை பெரிதாக அசையவில்லை என்று வைத்துக்கொண்டால் உயர வித்தியாசம்தான் தடிமன் வித்தியாசம். (அசையும். அதற்குப் பிறகு வருகிறேன்.)

ஐரோப்பிய விண்வெளி முகமையின் க்ரையோசாட்-2 இதற்காகவே 2010 ஏப்ரலில் பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டது. முதல் க்ரையோசாட் 2005 அக்டோபரில் ராக்கெட் கோளாறால் ஆர்க்டிக் கடலில் விழுந்தது. அளக்க வேண்டிய கடலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது, பாவம். இரண்டாவது சுமார் 717 கி.மீ. உயரத்திலிருந்து 13.575 கிகாஹெர்ட்ஸ் ராடார் துடிப்புகளை அனுப்புகிறது. துடிப்பு போய்த் திரும்ப 5 மில்லிவினாடிக்கும் குறைவு. உயரத்தில் ஒரு செ.மீ. மாறினால் அந்த நேரத்தில் மாறுவது சுமார் 67 பிக்கோவினாடி, அதாவது ஒரு வினாடியின் லட்சம் கோடியில் 67 பங்கு. ஒற்றைத் துடிப்பில் இவ்வளவு துல்லியம் கிடைக்காது. ஏராளமான துடிப்புகளின் சராசரியில்தான் கிடைக்கும். அதோடு, செயற்கைக்கோள் அந்தக் கணத்தில் எங்கே இருந்தது என்பதும் ஓரிரு செ.மீ. சுத்தமாகத் தெரிந்திருக்க வேண்டும். தரையிலிருந்து லேசர் அடித்தும் ரேடியோக் குறிகளை வைத்தும் அதைக் கணிக்கிறார்கள்.

பனிவிரிப்பின் ஓரங்களில் இன்னொரு தலைவலி. சரிவான இடத்தில் முதலில் திரும்பும் எதிரொலி நேர் கீழேயிருந்து வராது, பக்கத்து மேட்டிலிருந்து வரும். அதிகம் கரைவதும் அந்த ஓரங்களில்தான். அதனால் க்ரையோசாட்-2 இரண்டு ஆன்டெனா வைத்துக்கொண்டு எதிரொலி எந்தக் கோணத்திலிருந்து வந்தது என்றும் பார்க்கிறது. பழைய ராடார்கள் இங்கேதான் கோட்டை விட்டன.

---

கீழ்த்தளம் எழுதியது:

அருமை அண்ணா. ஆனால் ஆர்க்டிக் கடலில் மிதக்கும் பனி வேறு சங்கதி இல்லையா? அது மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்குமே.

நான் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். நீர்மட்டத்துக்கு மேல் தெரிவது ஃப்ரீபோர்டு, கீழே மூழ்கியிருப்பது டிராஃப்ட். மிதக்கும் பனிக்கும் இதே கணக்குதான் என்று படித்தேன். மேலே தெரிவதை அளந்தால் மொத்தத் தடிமன் வந்துவிடும் என்கிறார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் அவநம்பிக்கை. மேலே இருப்பது பத்தில் ஒரு பங்கு, அதை வைத்து மீதியைச் சொன்னால் பிழையும் பத்து மடங்கு ஆகுமே?

இதற்கு நேர் எதிர் வேலையை நீர்மூழ்கிகள் செய்தன. பனிப்போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் அமெரிக்க நீர்மூழ்கிகள் ஆர்க்டிக் பனிக்கு அடியில் போகும்போது மேல்நோக்கிய சோனாரால் டிராஃப்டையே அளந்தன. அந்தத் தரவு பிறகு ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1958–76 காலத்தில் சராசரி 3.1 மீட்டர், 1993–97 காலத்தில் அதே பகுதிகளில் 1.8 மீட்டர். பெரும்பகுதியை நேராகவே அளப்பதால் பிழை பெருகாது.

---

கணக்கன் எழுதியது:

கீழ்த்தளம் சொன்ன பத்து மடங்கை எண்களைப் போட்டே பார்த்துவிடலாம்.

கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,024 கிலோ. ஒரு குளிர்காலத்தில் உருவான புதுப்பனி 917. பல கோடைகளைத் தாண்டிய பழம்பனியில் உப்புநீர் வடிந்து காற்றறைகள் இருப்பதால் சுமார் 882. மேலே விழுந்து கிடக்கும் ஸ்னோ 320 என்று வைத்துக்கொள்வோம்.

பனிக்கட்டியின் மேற்பரப்பு நீர்மட்டத்துக்கு 20 செ.மீ. மேலே இருக்கிறது, அதன் மேல் 25 செ.மீ. ஸ்னோ கிடக்கிறது என்று கொள்ளுங்கள்.

புதுப்பனி என்றால் தடிமன் = (1,024 × 0.20 + 320 × 0.25) ÷ (1,024 − 917) = சுமார் 2.66 மீட்டர்.

பழம்பனி என்றால் கீழே 107-க்குப் பதில் 142. விடை சுமார் 2.0 மீட்டர்.

ராடார் பார்த்தது ஒரே 20 செ.மீ.தான். எந்தப் பனி என்று நாம் வைத்துக்கொள்வதைப் பொறுத்து 66 செ.மீ. வித்தியாசம்! ஸ்னோ கணக்கில் 10 செ.மீ. தவறினால் இன்னொரு 30 செ.மீ. போச்சு.

---

நித்திலா எழுதியது:

ஒரு அடிப்படைச் சந்தேகம். 20 செ.மீ. என்று சொல்ல நீர்மட்டம் எங்கே என்று தெரிய வேண்டுமே? எல்லாமே பனியால் மூடியிருக்கும்போது தண்ணீரை எங்கே தேடுவது?

---

அலைவரிசை எழுதியது:

நித்திலா, பனிப்பாளங்கள் எப்போதும் நகர்ந்து உடைந்துகொண்டே இருப்பதால் நடுவே விரிசல்கள் திறக்கும். அங்கே தண்ணீர், அல்லது இப்போதுதான் உறைந்த மெல்லிய பனி. காற்று அலைக்கழிக்காத சமதளம் என்பதால் ராடார் அலை கண்ணாடியில் பட்டதுபோலக் கூர்மையாகத் திரும்பும். கரடுமுரடான பாளத்திலிருந்து வரும் எதிரொலி பரந்து மங்கலாக இருக்கும். எதிரொலியின் வடிவத்தைப் பார்த்தே இது தண்ணீர், இது பனி என்று பிரிக்கிறார்கள். பிறகு விரிசலுக்கு விரிசல் நீர்மட்டத்தைக் கோடு போட்டு இணைத்து, அதற்கு மேல் பாளம் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் சீமோர் லாக்ஸனும் கூட்டாளிகளும் இதை ஐரோப்பாவின் ஈஆர்எஸ் ராடார் செயற்கைக்கோள் தரவில் செய்து காட்டி, 2003-ல் ஆர்க்டிக் பனித் தடிமனை வெளியிட்டார்கள்.

கோடையில் இந்த வித்தை படுத்துவிடும். பாளத்தின் மேலேயே உருகுநீர்க் குட்டைகள் தேங்கும். அதுவும் விரிசல் மாதிரியே பளபளக்கும். அதனால் வெகுகாலம் அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் ஆர்க்டிக் தடிமன் வெளிவந்தது. இரண்டையும் பிரிக்கக் கணினியைப் பழக்கி, வருடம் முழுவதற்குமான கணக்கு 2022-ல்தான் வந்தது.

கணக்கன் சொன்ன ஸ்னோவுக்கு வருகிறேன். இந்தத் துறையின் தீராத வியாதி அது. பல வருடங்களாக எல்லோரும் எடுத்துக்கொண்ட ஸ்னோ ஆழம் எங்கிருந்து வந்தது தெரியுமா? மிதக்கும் பனியின் மேல் சோவியத் ஒன்றியம் அமைத்த ஆய்வு நிலையங்களில் 1954 முதல் 1991 வரை ஆட்கள் அளவுகோலைக் குத்திக் குத்தி எடுத்த குறிப்புகள். அதன் சராசரியைத்தான் 2010-க்குப் பிந்தைய செயற்கைக்கோள் தரவுக்கும் போட்டார்கள். அந்த நிலையங்கள் நின்றது பழம்பனியின் மேல். இப்போது பெரும்பகுதி புதுப்பனி. அது தாமதமாக உறைகிறது, இலையுதிர்காலத்தில் விழும் ஸ்னோவில் ஒரு பகுதி கடலுக்குள் போய்விடுகிறது. புதுப்பனி என்றால் பழைய எண்ணில் பாதியைப் போடு என்று ஒரு ஒட்டு வேலை செய்து ஓட்டினார்கள்.

இதில் வேடிக்கை, ஸ்னோ குறைந்துவருவதைக் கணக்கில் சேர்த்தால் பனி மெலியும் வேகம் சில கடல்களில் இன்னும் கூடுகிறது. பிழை என்றால் எப்போதும் மிகைப்படுத்தும் பக்கம்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

---

எதிர்க்கேள்வி எழுதியது:

நன்றாக விளக்குகிறீர்கள், ஆனால் நீங்களே என் கட்சிக்குச் சாட்சி சொல்கிறீர்கள். நானும் ஒன்று எடுத்துப் போடுகிறேன்.

2012 ஜூலையில் கிரீன்லாந்தில் ஒரு வெப்ப அலை. பனிவிரிப்பின் மேற்பரப்பு ஏறத்தாழ முழுவதும், உச்சி உட்பட, ஓரிரு நாள் உருகியது. அப்போது க்ரையோசாட்-2 என்ன சொன்னது? உள்பகுதியில் உயரம் அரை மீட்டருக்கும் மேல் *கூடிவிட்டது* என்றது. உருகும்போது உயரம் கூடுமா?

---

அலைவரிசை எழுதியது:

சரியான உதாரணம், நானே போட்டிருக்க வேண்டியது.

காய்ந்த ஸ்னோவுக்குள் அந்த அலைவரிசை ராடார் ஓரளவு உள்ளே போய், அடியிலிருக்கும் அடுக்குகளிலிருந்தும் சேர்த்துத் திரும்பும். அதனால் பழைய "மேற்பரப்பு" உண்மையான மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழேயே பதிவாகிக்கொண்டிருந்தது. 2012-ல் மேலே உருகியது மறுபடி உறைந்து பனிக்கட்டித் தகடாகிவிட்டது. ராடார் இனி உள்ளே போக முடியாமல் தகட்டிலேயே பட்டுத் திரும்பியது. தரை ஏறவில்லை, ராடார் அலை பட்டுத் திரும்பும் இடம் ஏறியது.

இதை விமான லேசர் அளவுகளோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். எதிரொலி அலையின் எந்தப் புள்ளியை மேற்பரப்பு என்று எடுப்பது என்பதை மாற்றினால், அதாவது தொடக்கத்து ஏற்றத்திலேயே பிடித்தால், இந்தப் போலி உயர்வு பெருமளவு குறைகிறது. இப்போது அப்படித்தான் செய்கிறார்கள்.

லேசருக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை, மேலேயே பட்டுத் திரும்பும். 2018 செப்டம்பரில் ஏவிய ஐஸ்சாட்-2 பச்சை லேசரை வினாடிக்கு 10,000 முறை துடிக்க விடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 20 லட்சம் கோடி ஃபோட்டான்கள் கிளம்பும், கருவிக்குத் திரும்புவது ஒரு டஜன் அளவுக்குத்தான். ஒவ்வொன்றின் நேரத்தையும் தனித்தனியாகக் குறிக்கிறது. ஆறு கற்றைகள், பாதையில் 70 செ.மீ.க்கு ஓர் அளவு. மேகம் வந்தால் ஆட்டம் முடிந்தது. ராடாருக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை.

லேசர் ஸ்னோவின் மேலே பட்டுத் திரும்புகிறது, ராடார் குளிர்ந்து காய்ந்த ஸ்னோவைத் துளைத்து அடியில் பனிக்கட்டியில் படுகிறது. இரண்டையும் கழித்தால் ஸ்னோ ஆழம். அதற்காகவே 2020 ஜூலையில் க்ரையோசாட்-2-ன் சுற்றுப்பாதையை சுமார் ஒரு கி.மீ. உயர்த்தினார்கள். இப்போது இது 19 சுற்று முடிக்கும்போது ஐஸ்சாட்-2 20 சுற்று முடித்து, இரண்டின் பாதையும் துருவப் பகுதியில் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது. ராடார் நிஜமாகவே அடிவரை போகிறதா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. 2019–20-ல் போலார்ஸ்டர்ன் கப்பலைப் பனியோடு சேர்த்து மிதக்கவிட்ட மொசைக் பயணத்தில் ராடாரையே பனியின் மேல் இறக்கி வைத்துப் பார்த்தார்கள்.

---

கணக்கன் எழுதியது:

ஸ்வாலி விவகாரம் அந்தரத்தில் நிற்கிறதே. அதற்கும் ஒரு கணக்கு.

கிழக்கு அண்டார்க்டிகா ஏறத்தாழ ஒரு கோடி சதுர கி.மீ. அதன் மேற்பரப்பு ஆண்டுக்கு 1 செ.மீ. ஏறினால் கன அளவு 100 கன கி.மீ. அது பனிக்கட்டி என்றால் சுமார் 92 கிகா டன். புதிதாக விழுந்த, அழுந்தாத ஸ்னோ என்றால் சுமார் 35.

ஆண்டுக்கு 82 கிகா டன் கூடியதா, 100 கிகா டன் குறைந்ததா என்ற சண்டை முழுவதும் இந்தப் பரப்பில் இரண்டு செ.மீ.க்குள் அடங்கிவிடும். லேசர் கருவி ஒரு செ.மீ. நகர்ந்தாலே கதை கந்தலாகிவிடும்.

---

அலைவரிசை எழுதியது:

அதேதான். ஐஸ்சாட்-1-ன் லேசர்களில் முதலாவது சுமார் ஐந்து வாரத்தில் செத்துப்போனது. மீதி இரண்டையும் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் போட்டுப் போட்டு அணைத்து 2009 வரை இழுத்தார்கள். ஒவ்வொரு தடவைக்கும் இடையே சின்னச் சின்ன நகர்வு. அதைத் திருத்த ஸ்வாலி குழு எடுத்த வழியை மற்றவர்கள் ஏற்கவில்லை. அப்புறம் கிழக்கில் ஏறும் உயரத்தைப் பல்லாயிரம் வருடமாக நடக்கும் தடிப்பு என்று கொண்டு, பனிக்கட்டியின் அடர்த்தியால் பெருக்கினார்கள். அதுவும் ஏற்கப்படவில்லை.

எடைக்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. 2002 மார்ச்சில் ஏவிய கிரேஸ் உயரத்தையே பார்ப்பதில்லை. சுமார் 220 கி.மீ. இடைவெளியில் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும் இரட்டைச் செயற்கைக்கோள்கள். கீழே நிறை அதிகமுள்ள இடத்தை நெருங்கும்போது முன்னது கொஞ்சம் இழுக்கப்படும், இடைவெளி மாறும். அதை மைக்ரான் அளவில் பார்த்து, மாதாமாதம் எங்கே எடை கூடியது, குறைந்தது என்று கணிக்கிறார்கள். ஸ்னோவா பனிக்கட்டியா என்ற அடர்த்திப் பிரச்சினை இங்கே கிடையாது. 2017-ல் அது ஓய்ந்தது, 2018 மே மாதம் அடுத்த கிரேஸ் ஜோடி போனது. நடுவில் சில மாதங்களுக்குத் தரவே இல்லை.

கிரேஸுக்கு வேறு வியாதி. பனியுகப் பாரம் இறங்கியபின் பாறை மெல்ல மேலே வருகிறது. இலவம்பஞ்சு மெத்தையிலிருந்து எழுந்த பிறகும் அது மெதுவாக உப்பிக்கொண்டிருக்குமே, அப்படி. பாறை மேலே வந்தால் அடியில் மெல்ல ஊர்ந்து ஆழத்துப் பாறை வந்து சேரும், கிரேஸ் அதையும் எடையாகவே பார்க்கும். அதைக் கழிக்காவிட்டால் அண்டார்க்டிகா கணக்கு தாறுமாறாகிவிடும். அமுண்ட்சென் கடலோரத்தில் பாறை ஆண்டுக்கு 41 மி.மீ. வரை ஏறுவதை ஜிபிஎஸ் வைத்து அளந்திருக்கிறார்கள். முதலில் "அசையும்" என்று சொன்னது இதைத்தான்.

ஆக, உயரம் பார்ப்பவர், எடை பார்ப்பவர், விழும் ஸ்னோ வரவு, பனியாறு கடலுக்குள் கொண்டுபோவது செலவு என்று ஓடும் வேகத்தை வைத்து வரவு-செலவு பார்ப்பவர் என்று மூன்று பேர். மூவருடைய பிழைகளும் வெவ்வேறு இடத்தில் பிறப்பவை. ஸ்வாலி ஒற்றையாக நின்றதற்குக் காரணம் மற்ற இரண்டு வழிகளும் அவரோடு ஒத்துப்போகாதது. அவரே அப்போதே மேற்கில் இழப்பு வேகமெடுக்கிறது, கிழக்கின் கூடுதலை அது சில பத்தாண்டுகளில் எட்டிவிடும் என்றுதான் சொன்னார். 2021-ல் அவர் குழு வெளியிட்ட கணக்கில், 2012–16 வரும்போது அந்தக் கூடுதல் கரைந்து ஏறத்தாழப் பூஜ்யம். வாட்ஸாப் செய்தியில் இந்த வரிகள் எப்படியோ கழன்று விழுந்துவிடுகின்றன.

---

மச்சான்_நானே எழுதியது:

வணக்கம். மேற்குமலை இணைப்பை அனுப்பி "படியுங்கள்" என்றார், படித்தேன். கரடிப் படம் நான் ஒட்டியது இல்லை.

நான் போட்ட செய்தி 2015 கட்டுரை பற்றியது அல்ல. 2021 முதல் 2023 வரை அண்டார்க்டிகா ஆண்டுக்கு 100 கிகா டன்னுக்கு மேல் கூடியது என்று சீன ஆய்வாளர்கள் எழுதியது, இதே கிரேஸ் தரவை வைத்து. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

---

அலைவரிசை எழுதியது:

வாங்க சார். அந்த எண் சரிதான், யாரும் மறுக்கவில்லை. கிழக்கு அண்டார்க்டிகாவில் வழக்கத்துக்கு மாறான பனிப்பொழிவு. 2022 மார்ச்சில் கடலிலிருந்து ஈரக்காற்று ஒரே வீச்சில் உள்ளே புகுந்து, உயரத்தில் இருக்கும் கான்கார்டியா நிலையத்தில் வெப்பநிலை இயல்பைவிட 35 டிகிரிக்கு மேல் ஏறியது. ஏறியும் பூஜ்யத்துக்குக் கீழேதான், அதனால் வந்த ஈரம் ஸ்னோவாகக் கொட்டியது. கிரேஸ் அதை எடையாகப் பார்த்தது.

அதே குழுவின் கணக்கில் 2011–2020 காலத்தில் ஆண்டுக்கு சுமார் 140 கிகா டன் இழப்பு. மூன்று வருடப் பனிப்பொழிவைப் பத்து வருட இழப்போடு வைத்துப் பாருங்கள். மேற்கில் த்வெய்ட்ஸ், பைன் ஐலண்டு பனியாறுகளை அரிப்பது அடியில் புகும் வெதுவெதுப்பான கடல்நீர். கிழக்கில் ஸ்னோ கொட்டினாலும் அது நிற்கப்போவதில்லை.

கடற்பனியையும் இதோடு கலந்துவிடாதீர்கள். 2014-ல் அண்டார்க்டிகாவைச் சுற்றிய கடற்பனி 2 கோடி சதுர கி.மீ.யைத் தொட்டது, 2023 பிப்ரவரியில் 18 லட்சத்துக்கும் கீழே போனது. அது பரப்பளவு, மிதக்கும் பனி. அது உருகிக் கடல்மட்டம் ஏறாது.

---

எதிர்க்கேள்வி எழுதியது:

சரி, 2015 சமாச்சாரத்தில் எனக்கு வேண்டிய பதில் கிடைத்தது. ஆனால் 28 வருடத்துக்கு 7,560 கிகா டன், கடல்மட்டத்தில் எவ்வளவு?

கணக்கன்: 360 கிகா டன்னுக்கு 1 மி.மீ. வகுத்தால் 21 மி.மீ.

---

நித்திலா எழுதியது:

இதில் இஸ்ரோவுக்குப் பங்கு உண்டா?

---

அலைவரிசை எழுதியது:

உண்டு, பலருக்குத் தெரியாது. 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி20 ஏவிய சரல். செயற்கைக்கோளின் உடல் இஸ்ரோவுடையது, அதிலிருந்த ஆல்டிகா உயரமானி பிரான்ஸுடையது. முக்கியமாகக் கடல்மட்டத்துக்காகப் போனது. ஆனால் அதன் ராடார் 35.75 கிகாஹெர்ட்ஸ், ஸ்னோவுக்குள் அதிகம் போகாது. அதையும் க்ரையோசாட்-2-ஐயும் கழித்து ஆர்க்டிக் ஸ்னோ ஆழத்தை எடுக்கலாம் என்று, ஐஸ்சாட்-2 போவதற்கு முன்பே செய்து பார்த்தார்கள். குறை, சரல் 81.5 டிகிரி அட்சரேகையோடு திரும்பிவிடும். க்ரையோசாட்-2, ஐஸ்சாட்-2 இரண்டும் 88 வரை போகும். அதற்கு மேல் துருவத்தைச் சுற்றி சுமார் 220 கி.மீ. ஆரத்துக்கு அவற்றுக்கும் பாதை கிடையாது.

இரண்டு அலைவரிசையையும் ஒரே உடலில் வைத்து ஐரோப்பியர்கள் கட்டிவருவது கிறிஸ்டல் என்ற செயற்கைக்கோள். 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த ராடார் செயற்கைக்கோள், உயரமானி இல்லை. அது 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் பார்த்துப் பனியாறு எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லும். நான் மேலே சொன்ன வரவு-செலவுக் கணக்கில் செலவுப் பக்கத்துக்கு அதுதான் தீனி.

---

கீழ்த்தளம் எழுதியது:

க்ரையோசாட்-2-ன் ஆயுள் எவ்வளவு என்று திட்டமிட்டார்கள்?

அலைவரிசை: மூன்றரை வருடம். 2010-ல் போனது. கிறிஸ்டல் போய்ச் சேரும் வரை இது தாக்குப்பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் 2017–18-ல் கிரேஸுக்கு விழுந்த மாதிரி இங்கேயும் ஓர் இடைவெளி விழும். ஐஸ்சாட்-1 ஓய்ந்து ஐஸ்சாட்-2 போகும்வரை ஒன்பது வருடம் லேசர் செயற்கைக்கோளே கிடையாது. ஐஸ்பிரிட்ஜ் என்று நாசா வருடாவருடம் விமானங்களை அனுப்பித்தான் சமாளித்தது.